பாடத் தெரியாதவர் யார்?

நம் பங்கு ஆலயங்களில் ஞாயிறு திருப்பலியை உற்று நோக்குவோர்க்கு ஒரு காட்சி தப்பாது. பீடத்தின் ஒரு புறத்தில் பாடகர் குழுவினர் பத்துப் பன்னிருவர் நிற்கின்றனர். அவர்கள் முன்னே மைக்குகள். அருகே ஒரு கீபோர்டு. தபேலாவும் புல்லாங்குழலும் வயலினும் அந்தக் கருவிக்குள்ளேயே அடக்கம். வருகைப் பாடல் தொடங்குகிறது; ஒலிபெருக்கி முழங்குகிறது. எதிரே கூடியிருக்கும் ஐந்நூறு பேர் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். பாடல் புதியது, மெட்டு திரைப்பாடலின் சாயல் கொண்டது, சுருதியோ எட்டாத உயரத்தில் நிற்கிறது. சென்ற வாரம் பாடிய பாடலை இந்த வாரம் காணோம். இறைமக்கள் என்று மேன்மையாக அழைக்கப்பெறுவோர் இசை தொடங்கியதும் வெறும் அவையோராகி விடுகின்றனர்.

"பாட்டு மிக நன்றாக இருந்தது" என்று திருப்பலி முடிந்து வெளியே வரும்போது பாராட்டுகின்றனர். "நாம் நன்றாகப் பாடினோம்" என்று எவரும் சொல்லக் கேட்பதில்லை. இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவே இன்று நம் பங்குகளைப் பிடித்துள்ள நோய் என்று துணிந்து கூறுவோம். பாடகர் குழுவில் உழைக்கும் இளையோரைப் பழிப்பது நம் நோக்கமன்று. தேர்வும் வேலையும் நெருக்கும் நாள்களிலும் சனிக்கிழமை மாலையைப் பயிற்சிக்கென ஒதுக்கி வைப்போர் அவர்கள். குறை அவர்களிடம் இல்லை. இசை என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர்க்கே உரியது, ஏனையோர் கேட்டு மகிழ்ந்தால் போதும் என்று பங்கு முழுவதும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுள்ள கொள்கையே குறை.

அக்கொள்கையை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். குரல் இனிமை, பயிற்சி, சாதி, பால், வயது, உடல்நிலை ஆகிய எதன் பெயராலும் எவரையும் விலக்காத இசைப் பட்டறைகள் நம் அன்பியங்கள்தோறும் தொடங்கப்பெற வேண்டும். அவை பாட்டுக் கற்றுத்தரும் வகுப்புகளாக நின்றுவிடமாட்டா, பங்கேற்போரை மாற்றும், அவர்கள் வழியே பங்கையும் மாற்றும். இதற்குச் சான்றுகள் உள்ளன. நம் ஊரிலேயே உள்ளன.

சங்கம் திறந்த கதவு

பாடகர் குழுவே போதும் என்போர் திருச்சபையின் மரபைத் துணைக்கு அழைப்பர். அந்த மரபைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். 1903 நவம்பர் 22, புனித செசிலியாவின் திருநாளன்று திருத்தந்தை பத்தாம் பயஸ் திருவழிபாட்டு இசையைச் சீர்திருத்த ஓர் ஆணையை வெளியிட்டார். மக்கள் மறைநிகழ்வுகளில் ஈடுபாட்டோடு பங்கேற்க வேண்டும் என்னும் கருத்து அதில் இடம்பெற்றது. அது ஒரு பெரும் தொடக்கம். ஆனால் அதே ஆணை பெண்கள் பாடகர் குழுவில் இடம்பெறலாகாது என்றது. உச்சக் குரலுக்குச் சிறுவரைப் பயன்படுத்தச் சொன்னது. பியானோவையும் முரசு, கைத்தாளம் போன்ற ஓசைமிக்க கருவிகளையும் ஆலயத்தில் தடை செய்தது. பெண்கள் பாடும் உரிமை 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதிய சுற்றுமடலில்தான் ஓரளவு கிட்டியது. அதுவும் தூயகத்துக்கு வெளியே நின்றுகொண்டு!

இன்று நம் பாடகர் குழுக்களில் பெண் குரலை நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன? 1903-இன் விதியை மாறாத மரபெனக் கொண்டிருந்தால் பெரும்பாலான ஆலயங்களில் பாட்டே எழுந்திராது. ஒரு காலத்தில் தகுதியில்லை என்று விலக்கப்பட்டோரே இன்று அந்தப் பணியைத் தாங்கி நிற்கின்றனர். விலக்கும் விதி எதுவானாலும் அதை நிலையான மரபென்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் முதல் ஏட்டைத் திருவழிபாட்டைப் பற்றியே வெளியிட்டது. முழுமையான, உணர்வுள்ள, செயல்முறையான பங்கேற்பு திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரின் உரிமையும் கடமையும் ஆகும் என்று அதன் 14-ஆம் எண் அறிவித்தது. பாடகர் குழுக்களை வளர்க்கச் சொன்ன 114-ஆம் எண், கூடியிருக்கும் மக்கள் அனைவரும் தமக்குரிய பங்கைப் பாடி நிறைவேற்ற ஆயர்களும் மேய்ப்பர்களும் கருத்தாய் இருக்கவேண்டும் என்றும் உடன் சேர்த்தது. மறைபரப்பு நாடுகளில் மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் அளிக்கவேண்டும் என்பது 119-ஆம் எண். அடுத்த எண், தகுதியான பிற இசைக்கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. 1967 மார்ச் 5-இல் வந்த திருவழிபாட்டு இசை பற்றிய போதனையோ இன்னும் வெளிப்படை: மக்களை முற்றிலும் ஒதுக்கிவிட்டுப் பாடல்கள் அனைத்தையும் பாடகர் குழுவிடமே ஒப்படைக்கும் வழக்கத்தை அது ஏற்கவில்லை.

ஆகவே நாம் கேட்பது புதுமையன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன் திருச்சபை எழுதி வைத்ததைத்தான் கேட்கிறோம்.

தகுதி என்னும் சல்லடை

"எல்லோருக்கும் பாட வருமா?" என்பது முதல் எதிர்ப்பு. வரும் என்பதே விடை. சுருதியின் ஏற்ற இறக்கத்தைப் பிறவியிலேயே உணர இயலாத நிலை ஒன்று உண்டு. அதை ஆராய்ந்தோர் அந்நிலையில் உள்ளவர்கள் நூற்றுக்கு நால்வருக்கு மேல் இரார் என மதிப்பிடுகின்றனர். அவர்களுள்ளும் தாளம் பிடிபடுவோர் உண்டு. "எனக்குப் பாட வராது" என்று கூறுவோரோ நம்மிடையே நூற்றுக்கு ஐம்பதுபேர் என்றாலும் வியப்பில்லை. இந்த இடைவெளியை உண்டாக்கியது இயற்கையன்று. சிறு வயதில் எங்கோ ஒரு பள்ளியில், ஏதோ ஓர் ஆண்டு விழாவுக்குமுன், "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்று சொன்ன ஒரு குரலே அதை உண்டாக்கியது. அந்தக் குழந்தை ஐம்பது வயதிலும் வாயை மட்டுமே அசைத்துக்கொண்டிருக்கிறது.

செவிப்புலன் இழந்தவர்க்கு இசை எதற்கு என்போரும் உளர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எவலின் கிளெனி பன்னிரண்டு வயதிற்குள் கேட்கும் திறனை ஏறத்தாழ முழுமையாக இழந்தார். பின்னர் உலகப் புகழ்பெற்ற தாளக் கருவிக் கலைஞரானார். காலணியின்றி மேடையில் நின்று தரையின் அதிர்வைக் காலாலும் உடலாலும் வாங்கிக்கொண்டு வாசிக்கிறார். பிரித்தானியாவில் 2011-இல் உருவான பாரா ஆர்க்கெஸ்ட்ரா என்னும் இசைக்குழுவில் பார்வையற்றோரும் உடல் இயக்கம் குறைந்தோரும் தொழில்முறைக் கலைஞராக வாசிக்கின்றனர். 2012-இல் இலண்டன் பாரா ஒலிம்பிக் நிறைவு விழாவில் உலகம் அவர்களைக் கேட்டது. நம் பங்குகளிலோ சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் பாடகர் குழு நிற்கும் மேடையில் ஏறச் சாய்தளம்கூட இல்லை. அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய ஒரு பிள்ளை திருப்பலியில் தன் போக்கில் இராகம் இழுத்தால் பத்துத் தலைகள் திரும்புகின்றன. தாய் அப்பிள்ளையை அணைத்துக்கொண்டு வெளியேறுகிறார். அந்தத் தாய் எத்தனை வாரங்கள் திரும்பி வருவார்?

குழலையும் யாழையும்விடத் தம் மக்களின் மழலையே இனிது எனத் திருவள்ளுவர் கண்டார். மழலைக்குச் சுருதியுமில்லை, தாளமுமில்லை. கேட்பவரின் அன்பே அதை இனிமையாக்குகிறது. ஒரு பங்கு தன் உறுப்பினர் ஒருவரின் குரலை இனிமையற்றதெனத் தள்ளும்போது, அந்தக் குரலின் குறையைவிடத் தன் அன்பின் குறையையே அது வெளிப்படுத்துகிறது. கண் கையைப் பார்த்து நீ எனக்குத் தேவையில்லை எனச் சொல்ல முடியாது என்று திருத்தூதர் பவுல் கொரிந்தியர்க்கு எழுதியதை (1 கொரி 12) வாசகமேடையில் வாசிக்கிறோம். வாசித்து முடித்ததும் தேர்ந்தெடுத்த வாய்கள் மட்டும் பதிலுரைப் பாடலைப் பாடுகின்றன.

வட்டமாய் அமரும்போது

இசைப் பட்டறை என்று நாம் சொல்வது என்ன? அது கச்சேரிக்கு ஒத்திகையன்று, போட்டிக்குத் தயாரிப்புமன்று. இருபது முப்பது பேர் வட்டமாக அமர்கின்றனர். வட்டத்திற்கு முன்வரிசை, பின்வரிசை கிடையாது. நடத்துபவர் ஒரு தாளத்தைக் கைதட்டிக் காட்டுகிறார். மற்றோர் திருப்பித் தட்டுகின்றனர். பிறகு ஒவ்வொருவரும் தம் பெயரையே ஓர் இழுவையாகப் பாடுகின்றனர். வட்டம் முழுவதும் அப்பெயரை அதே இழுவையில் அவருக்குத் திருப்பித் தருகிறது. பாதிப்பேர் ஓர் அடியைப் பிடித்துக்கொள்ள, மீதிப்பேர் அதன்மேல் வேறோர் அடியை ஏற்றுகின்றனர். யாரேனும் தவறினால் இசை நிற்பதில்லை. அருகில் இருப்பவரின் தாளத்தைப் பற்றிக்கொண்டு அவர் மீண்டும் சேர்கிறார். சற்று நேரத்தில் நடத்துபவர் விலகிக்கொள்ள, வட்டத்திலிருந்து வேறொருவர் நடத்துகிறார். பேசத் தயங்கும் பெண், பள்ளியை நடுவில் விட்ட இளைஞர், கைத்தடியூன்றி வந்த முதியவர் ஆகிய எவரும் அந்த இடத்தை ஏற்கலாம்.

எளிய விளையாட்டுப் போலத் தோன்றும் இதில் நிகழ்வது என்ன? தன் பெயரை முப்பது பேர் பாடக் கேட்டவர் தாம் அங்கே வேண்டப்படுகிறவர் என்பதை உபதேசமின்றி அறிகிறார். அடுத்தவரின் தாளத்தைக் கேட்காமல் தம் தாளத்தைப் பிடிக்க முடியாது என்பதால் கேட்கப் பழகுகிறார். தாம் நிறுத்தினால் இசையில் ஓர் ஓட்டை விழுவதைக் காண்பதால் பொறுப்பை உணர்கிறார். ஆண்டுக்கணக்கான மறையுரைகள் சொல்லித் தந்தவற்றை அவர் கையும் செவியும் கற்றுக்கொள்கின்றன.

இதை அறிவியலாரும் ஆராய்ந்துள்ளனர். சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் பியோன் விக்ஹோஃப் என்பவரும் உடனாய்வாளரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, சேர்ந்து பாடுவோரின் இதயத் துடிப்பு ஒத்த ஏற்ற இறக்கம் கொள்வதைக் காட்டியது. பாடலின் அடிகள் மூச்சை ஒழுங்குபடுத்த, மூச்சு துடிப்பை ஒழுங்குபடுத்துகிறது. இங்கிலாந்தில் 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு, முன்பின் அறியாதோர் சேர்ந்த வகுப்புகளை ஏழு மாதங்கள் தொடர்ந்து கவனித்தது. முடிவில் கைவினை, எழுத்து, பாட்டு ஆகிய எல்லா வகுப்பினரும் நெருக்கம் அடைந்திருந்தனர். ஆனால் பாட்டு வகுப்பினரிடையே அந்த நெருக்கம் வெகு விரைவில் உண்டாகியிருந்தது. அறிமுகமற்றோரை ஒன்றாக்கும் வேகம் பாட்டுக்கு உண்டு என்றால், ஒரே ஆலயத்தில் இருபது ஆண்டுகளாக அறிமுகமின்றி அமர்ந்திருக்கும் நமக்கு அது வேண்டாமா?

போரின் நடுவிலும் இது நடந்திருக்கிறது. 1990-களில் போஸ்னியாவில் கத்தோலிக்கக் குரோவாசியரும் ஆர்த்தடாக்ஸ் செர்பியரும் இசுலாமியப் போஸ்னியரும் ஒருவரையொருவர் கொன்றனர். மொஸ்தார் நகரத்தை இணைத்து நின்ற 16-ஆம் நூற்றாண்டுப் பாலத்தை 1993 நவம்பரில் தகர்த்தவர்கள் குரோவாசியப் படையினர், அதாவது நம் சமயத்தைச் சார்ந்தோர். அந்நாட்களில் நைஜல் ஆஸ்போர்ன் என்னும் பிரித்தானிய இசையமைப்பாளர் முற்றுகையிடப்பட்ட சரயேவோவின் குழந்தைகளுக்கு இசைப் பட்டறைகளை நடத்தினார். 1997 டிசம்பரில் மொஸ்தாரிலேயே பாவரொட்டியின் பெயரால் ஓர் இசை மையம் திறக்கப்பெற்று, போரால் உள்ளம் குலைந்த சிறுவர்க்கு இசை வழியே சிகிச்சையும் பயிற்சியும் அளித்தது. இசை போரை நிறுத்திவிடவில்லை. ஆனால் குண்டொலியை மட்டுமே கேட்ட பிள்ளைகள் தாமே ஓர் ஒலியை எழுப்பக் கற்றனர். அது சிறிய காரியமன்று.

வேற்று நாட்டுக் கதை நமக்கெதற்கு எனலாம். மேடையற்ற இசை நம் மண்ணுக்குப் புதிதா? கும்மியில் முகங்கள் அனைத்தும் வட்டத்தின் உள்ளே நோக்குகின்றன. ஒருவர் அடியெடுக்க மற்றோர் வாங்கிப் பாடுகின்றனர். நடவு வயலில் பாட்டைக் கேட்பதற்கென்று எவரும் நிற்பதில்லை. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் மூதாட்டி இறந்தவரின் வாழ்வை அந்நொடியிலேயே பாட்டாகக் கட்டுகிறார். தவக்காலத்தில் அதே மெட்டில் ஆண்டவரின் பாடுகளைப் பாடி அழும் மூதாட்டியர் இன்றும் பல ஊர்களில் உள்ளனர். அவர்களைப் பாடகர் குழுவில் சேர்ப்பார் இல்லை. அவர்களோடு அப்பாட்டுகள் கல்லறைக்குச் சென்றுகொண்டிருக்கின்றன.

வாசலுக்கு வெளியே நின்ற பறை

இனி வலிக்கும் இடத்துக்கு வருவோம். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்தது தொல்காப்பியம். அப்பறை பின்னாளில் ஒரு சாதியின்மேல் சுமத்தப்பட்ட ஊழியமாயிற்று. சாவுக்கு அடிக்க வேண்டும், ஊருக்கு அறிவிக்க வேண்டும், மறுக்கக் கூடாது, கூலியோ கொடுப்போரின் விருப்பம். திருமுழுக்கு நீர் இந்தத் தீட்டைக் கழுவியதா? தேர்பவனிக்குப் பேண்டு வாத்தியம் வரும். கொடியேற்றத்துக்கு நாதசுவரமும் வரலாம். பறை மட்டும் வாசலுக்கு வெளியே நின்ற ஊர்கள் எத்தனை! கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பியவர்களின் கையே இசையிலும் சுவர் எழுப்பியது. தமிழகத் திருச்சபையின் பெரும்பகுதியினர் தலித் மக்கள் என்பதை எண்ணும்போது, இதன் கொடுமை இன்னும் தெளிவாகும்.

இச்சுவரைத் தகர்க்கும் பணியைத் திண்டுக்கல்லில் துறவியர் இருவர் தொடங்கினர். அருட்சகோதரி சந்திராவும் அவருடைய உடன் உழைப்பாளரும் நடத்தும் சக்தி கலைக்குழு, பள்ளிப் படிப்பை இடையில் விட்ட தலித் இளம்பெண்களை ஒன்றுசேர்த்து வாழச் செய்து, பறையாட்டத்தையும் ஒயிலாட்டம், கரகம், கும்மி போன்ற கலைகளையும் கற்பிக்கிறது. விட்ட கல்வியைத் தொடரவும் தொழில் பயிலவும் வழிசெய்கிறது. பறை பெரும்பாலும் ஆண்களின் கையில் இருந்த கருவி. அதைப் பெண்கள் தோளில் மாட்டியதே ஒரு புரட்சி. பறையை வாசிக்கும் முறையைப் பார்ப்போர்க்கு இதன் பொருள் விளங்கும். தோலைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்ற வேண்டும். வாரைத் தோளில் மாட்டி, ஒரு கையில் அடிக்குச்சியும் மறு கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சியும் ஏந்தி, நிமிர்ந்து நின்று, காலடி பெயர்த்து அடிக்க வேண்டும். குனிந்தபடி பறையாட்டம் ஆட இயலாது. ஆதிக்கத் தெருவில் தலைகுனிந்தே நடக்கப் பழக்கப்பட்ட ஓர் உடல் ஊர் நடுவே நிமிர்ந்து நின்று, எல்லாரும் கேட்க ஒலியெழுப்புகிறது. மாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான். அது கண்ணால் காணக்கூடியது.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அருட்திரு தியோபிலஸ் அப்பாவு (1940–2005) நம் சீர்திருத்த சபைச் சகோதரர். செவ்வியல் இசையில் அமைந்த கீர்த்தனைகளையும் மேனாட்டுப் பண்களையும் விடுத்து நாட்டார் மெட்டில் அவர் பாட்டுக் கட்டினார். காரணம் எளியது. நாட்டார் பாட்டை எழுத்தறியாதவரும் கற்கலாம், காசில்லாதவரும் பாடலாம், தம் வாழ்வுக்கு ஏற்ப அடிகளை மாற்றியும் கட்டலாம். ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்பதை நற்கருணையின் பொருளாக அவர் கண்டார். ஒரே உலை என்றால் ஒரே பாட்டும் வேண்டும் அன்றோ?

"பலிபீடத்தின் அருகில் முரசா?" என்று முகம் சுளிப்போர்க்கு ஒன்று கூறுவோம். ஆப்பிரிக்காவின் சயீர் மறைமாவட்டங்களுக்கென அந்நாட்டு இசையும் ஆட்டமும் இணைந்த திருப்பலி முறைக்கு 1988-இல் உரோமை ஒப்புதல் அளித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் முதல் நாள் புனித பேதுரு பேராலயத்தில் அம்முறையிலேயே திருப்பலி நிறைவேற்றினார். பேராலயத்தின் புனிதம் குறையவில்லை. செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கஞ்சிராவைக் கையிலெடுக்க, பெண்கள் அனைவரும் ஆடியவாறு பின்தொடர்ந்தனர் என்கிறது விடுதலைப் பயணம். தோற்கருவி விவிலியத்துக்கு அந்நியமன்று. அலங்காநல்லூரின் பறைக் கலைஞர் வேலு ஆசான் 2025-இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடே மதித்த கருவியை நாம் இன்னும் எந்த வாசலில் நிறுத்தி வைக்கப் போகிறோம்?

ஓர் எச்சரிக்கை

இசை தொட்டதும் எல்லாம் பொன்னாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. 1975-இல் வெனிசுலாவில் ஹொசே அந்தோனியோ அப்ரேயு ஏழைக் குழந்தைகளுக்கான இசைக்குழு இயக்கமொன்றைத் தொடங்கினார். அது உலகமெங்கும் புகழப்பெற்றது. பல இலட்சம் சிறுவரை எட்டியது. ஆயினும் 2014-இல் ஜெஃப்ரி பேக்கர் எழுதிய ஆய்வு நூல் அதன் மறுபக்கத்தைக் காட்டியது. கடுங்கண்டிப்பும் படிநிலையும் மேலோங்கி, நடத்துபவரின் கோலுக்குப் பணிவதே பாடமாகிவிட்டதென்று அது குற்றஞ்சாட்டியது. கருவியை ஏழையின் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. கோல் யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்கவேண்டும்.

நம்மிடையேயும் ஆபத்து உண்டு. கல்லூரி விழாவில் பறையைத் தூக்கி ஆடுவது இன்று நாகரிகம். ஆடி முடித்த இளைஞர், அதைத் தலைமுறையாக வாசித்தவரின் வீட்டில் தண்ணீர் குடிப்பாரா? பறை எங்களுக்கு இழிவின் அடையாளம், இனி அடிக்க மாட்டோம் என்று கூறித் தலித் மக்கள் அதைத் துறந்த ஊர்களும் உண்டு. அந்த மறுப்பும் மாண்புமிக்கது. கலையை மீட்கிறோம் என்ற பெயரில் அவர்களை மீண்டும் அடிக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. விருப்பமுள்ளோர் கற்கட்டும், கற்பிக்க வருவோர் ஆசானாக மதிக்கப்படட்டும், எல்லாச் சாதியினரின் தோளிலும் அந்த வார் ஏறட்டும். ஒரு சாதியின் ஊழியம் எல்லோரின் கலையாகும்போதுதான் அது ஊழியமாயிருப்பது ஒழியும்.

என்ன செய்யலாம்?

காசில்லை, நேரமில்லை என்பது கடைசி எதிர்ப்பு. திருவிழாவில் ஓர் இரவின் வாணவேடிக்கைக்கும் ஒலி ஒளி அமைப்புக்கும் செலவிடும் தொகையைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். அதில் ஒரு பகுதி பத்துப் பறைகளுக்கும் ஆசான் ஒருவரின் ஊதியத்துக்கும் போதும். மாதம் ஒரு மாலை அன்பியத்தின் வேளையை இதற்கு ஒதுக்கலாம். குரல் சோதனை எதுவும் வேண்டாம். வருவோர் அனைவரும் உறுப்பினர். படியேற முடியாதவர் வரும்படியாகத் தரைமட்டத்தில் உள்ள இடம் தேடப்படட்டும். ஒப்பாரியும் தாலாட்டும் அறிந்த மூதாட்டியரை ஆசிரியராக அமர்த்தட்டும். பறை ஆசானுக்குப் பேசிய ஊதியம் உரிய நாளில் கையில் கிடைக்கட்டும். விருந்தில் அவர் எல்லோரோடும் ஒரே பந்தியில் அமரட்டும். பாடகர் குழு கலைக்கப்பட வேண்டியதில்லை. பாடிக் காட்டுவதிலிருந்து பாட வைப்பதற்கு அது தன் பணியை மாற்றிக்கொள்ளட்டும். ஞாயிறு திருப்பலியில் தூயவர் பாடலும் பதிலுரையும் மக்கள் நன்கறிந்த மெட்டில், எட்டும் சுருதியில், ஆண்டு முழுதும் மாறாமல் இருக்கட்டும். வாரத்தில் ஒரு பாடலுக்காவது ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு மக்களின் குரலைக் கேட்போம்.

முதல் சில வாரங்கள் அந்தக் குரல் நலிந்துதான் இருக்கும். சுருதி விலகும்; தாளம் தடுமாறும். அழகு குறைந்துவிட்டதென்று சிலர் முணுமுணுப்பர். உடன்படிக்கைப் பேழையின்முன் தாவீது தன்னை மறந்து ஆடியபோது, மீக்கால் சாளரத்தின் வழியே பார்த்து அவரை இகழ்ந்தாள். சாளரத்திலிருந்து பார்ப்போர்க்கு ஆட்டம் எப்போதும் அழகற்றதாகவே தோன்றும். இறங்கி வந்து சேர்ந்தோர்க்கு அந்தக் கவலை இருப்பதில்லை.

எரிகோவின் வழியோரத்தில் பர்த்திமேயு என்னும் பார்வையற்றவர் குரலெழுப்பியபோது, பலர் அவரை அதட்டிப் பேசாதிருக்கச் சொன்னார்கள் (மாற்கு 10:46-52). இயேசுவின் பின்னே பக்தியோடு சென்றுகொண்டிருந்தவர்களே அவர்கள். ஒழுங்காகச் செல்லும் ஊர்வலத்துக்கு அவருடைய கூக்குரல் இடையூறாகப்பட்டது. ஆண்டவரோ நின்றார், "இவனைக் கூப்பிடுங்கள்" என்று அந்தக் கூட்டத்தினரிடமே பணித்தார். அதட்டிய வாய்களே பிறகு துணிவுடன் எழுந்து வா என்று அழைத்தன. அன்று பார்வை பெற்றவர் ஒருவர். மனம் மாறியவர்களோ பலர். நம் பங்குகளின் வழியோரத்தில் அமர்ந்திருப்போரைக் கூப்பிட வேண்டிய பொறுப்பும் இன்று அதட்டிக்கொண்டிருக்கும் கூட்டத்தின் கையில்தான் இருக்கிறது.